அம்மா அணைக்காத விளக்கு

கொட்டுச் சத்தம் கண்மாய்க் கரையைத் தாண்டியதும் அன்புமொழி காரின் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போய்விட்டார்கள். தெருமுனை வரை போய் அழுதுவிட்டுத் திரும்பிய பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்புவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

"அடியே, பொணம் இப்பத்தான் வாசலைத் தாண்டியிருக்கு. காரை நோண்டுற நேரமா இது?" ராக்காயி அத்தை இடுப்பில் குடத்தோடு நின்றுவிட்டாள். அப்பாவுக்கு அக்கா, வீட்டுக்கு நாட்டாமை.

"இதான் அத்தை நேரம். நீங்க போயி வீட்டைக் கழுவுங்க."

"பெத்தவன் போன துக்கம் கொஞ்சமாச்சும் இருக்கா பாரு இவளுக்கு" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே அத்தை உள்ளே போனாள். துக்கம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ஆத்திரம் ஏறி உட்கார்ந்திருந்தது. அது இறங்கினால்தானே துக்கத்துக்கு இடம் கிடைக்கும்.

முந்தாநாள் விடியற்காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. கார் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிப்போயிருந்தது. சாவியைத் திருப்பினால் டக் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளினால் கிளம்பிவிடும் என்று அம்மாவும் பக்கத்து வீட்டு மதுரைவீரனும் மணல் பாதையில் அதைத் தள்ளு தள்ளென்று தள்ளியிருக்கிறார்கள். கடைசியில் மதுரைவீரனின் லோடு வண்டியில் பாயை விரித்து அப்பாவைப் படுக்க வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். "ஒரு அரைமணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொந்தக்காரர்கள் சொல்லி முடித்தார்கள்.

ஆரம்பித்து வைத்தவன் தம்பி அரவிந்த். துபாயிலிருந்து வீடியோ காலில் வந்தவன் ஒரு மூச்சு அழுதான். அழுது முடித்ததும் முதல் கேள்வி, "காருக்குள்ள லைட்டை எரிய விட்டது யாரு?" என்பதுதான். முந்தின நாள் சாயங்காலம் மருந்துப் பையை எடுக்கக் காருக்குள் போனது அம்மா. அது போதாதா? ஸ்பீக்கரில் கேட்ட பேச்சு அத்தை காதில் விழுந்து, அத்தை வாயிலிருந்து ஊர் வாய்க்குப் போய்விட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த லைட்டை அணைச்சிருக்கக் கூடாதாத்தா மீனம்மா" என்றார்கள். ஆறுதல் சொல்ல வந்த லட்சணம்.

அம்மா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. ராத்திரி ஒப்பாரியில்தான் சொன்னாள். "வண்டி வெளக்க அணைக்க மறந்தேன், என் வீட்டு வெளக்கு அணைஞ்சு போச்சே" என்று அவள் இழுக்க, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அதையே வாங்கித் திருப்பிப் பாடினார்கள். ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அன்புமொழிக்கு எழுந்துபோய் அத்தனை பேர் வாயையும் பொத்த வேண்டும் போலிருந்தது. இனி சாகும்வரை அம்மா இதைத்தான் பாடுவாள். புருஷனைக் கொன்றவள் என்று தானே தனக்குப் பெயர் வைத்துக்கொள்வாள்.

அன்புமொழி புதுக்கோட்டையில் கார் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். வண்டியை விட வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. பேட்டரி இறங்கிப்போகிறது என்று வாரம் ஒருவராவது வருவார். இந்தக் காரில் ரெண்டு மாதமாக அதே கோளாறு இருந்தது அம்மா சொல்லித்தான் நேற்று அவளுக்குத் தெரியும். புதுப் பேட்டரி போட்டும் நிற்கவில்லையாம். மகளிடம் ஒரு வார்த்தை சொன்னாரா அப்பா? மகன் வாங்கிக் கொடுத்த காரில் குறை என்று மகளிடம் சொன்னால் மகனுக்குக் கௌரவக் குறைச்சல். மகனிடம் மட்டும் சொன்னார். அவன், "வயசாயிருச்சுப்பா, லைட்டைப் போட்டுட்டு மறந்துடுறீங்க" என்றான்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினாள். மதுரைவீரனின் பைக்கிலிருந்து வாங்கிய இண்டிகேட்டர் பல்பில் ரெண்டு ஒயரை முறுக்கி, ஒன்றைப் பேட்டரியிலும் இன்னொன்றைக் கழற்றிய ஒயரிலும் பிடிக்க வைத்தாள். எல்லாம் அணைந்து நிற்கும் வண்டியில் இந்தப் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எங்கேயோ கரண்டு ஒழுகுகிறது என்று அர்த்தம். பேட்டரியில் இன்று சார்ஜுக்குப் பஞ்சமில்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு போகாத கார், மதுரைவீரன் வண்டியிலிருந்து கரண்டு கொடுத்துக் கிளப்பியதும் காலையில் திருச்சி ஏர்போர்ட் வரை போய் அரவிந்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பல்பு எரிந்தது. புதிதாக ஒயர் கொடுத்தால் வண்டி கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருக்கும், பிறகு அடங்கும். காத்திருந்தாள். அடங்கவில்லை. மங்கலாக, மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது.

டிரைவர் கதவோரம் குத்துக்காலிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தாள். கதவு திறந்திருப்பதால் உள்விளக்கு எரிந்து குழப்பக் கூடாதென்று முதலில் அதன் ஃப்யூஸைப் பிடுங்கினாள். அம்மாவின் மேல் பழியாக விழுந்த விளக்கு. எட்டிப் பார்த்தாள். இன்னும் பல்பு எரிந்தது.

"அது இல்லடா" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹார்ன், பாட்டுப் பெட்டி, கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத் திரும்பச் செருகினாள். பல்பு அசையவில்லை. ஓரத்தில் ஒரு ஃப்யூஸின் காலில் மட்டும் சிவப்பு ஒயர் ஒன்று சுற்றியிருந்தது. கம்பெனியில் போட்டது இல்லை. அதைப் பிடுங்கினாள். பல்பு அணைந்தது.

ஒயர் போன வழியை விரலால் தடவிக்கொண்டே போனாள். கதவோரத்து ரப்பர் பீடிங்குக்குள் நுழைந்து மேலே ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கறுப்புக் கேமராவில் முடிந்தது. ரெண்டு மாதத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அரவிந்த் தன் கையாலேயே மாட்டியது. துபாயில் கட்டடங்களுக்கு ஒயரிங் செய்கிறவன் அவன். சாவியை எடுத்தாலும் ஓடுகிற மாதிரி மாட்டினான், அங்கிருந்தே போனில் பார்ப்பதற்கு. "நேத்து இலுப்பூருக்கு எதுக்குப்பா போனீங்க?" என்று கேட்பான். அப்பா அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாலு நாளைக்கு ஒருமுறை எடுக்கிற வண்டியில் அது ராப்பகலாகக் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஆண்கள் திரும்பினார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக அரவிந்த் முன்னால் வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை முட்டியது. "நீ மட்டும் அந்த லைட்டை அணைச்சிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடுறா" என்றாள் அன்புமொழி.

வாசல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சாவு வீட்டில் கொள்ளி வைத்து வந்தவனை அப்படிச் சொல்வார்களா?

"அம்மா லைட்டை எரிய விடலை. நீ மாட்டுனியே கேமரா, அதுதான் பேட்டரியை இறக்கியிருக்கு."

"என்னக்கா பேசுற? அது எடுக்குறது கொசுக்கடி மாதிரி கரண்டு."

"ராத்திரியும் பகலும் விடாம கடிச்சா மாடே செத்துரும்டா. வா, வந்து நீயே பாரு. ஒந்தொழில்தான இது?"

அவன் வந்தான். ஃப்யூஸைச் செருகினான், பல்பு எரிந்தது. பிடுங்கினான், அணைந்தது. சிவப்பு ஒயரை மட்டும் அவிழ்த்துவிட்டு ஃப்யூஸைச் செருகினான். எரியவில்லை. அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா எங்கிட்ட..."

"சொன்னாரு. ரெண்டு மாசமா ஒங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. நீ மறதின்ன. ராத்திரி பூரா பாத்துக்கிட்டே இருக்குற கேமராதான? லைட்டு எரிஞ்சுதா இல்லையான்னு அதுலயே பாத்திருக்கலாமேடா. அம்மாவைச் சொல்றதுக்கு முன்னாடி ஒருக்கா பாக்கத் தோணலையா ஒனக்கு?"

ராக்காயி அத்தைக்கு அப்போதுதான் உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நான் இல்லையாடி?"

"இல்லம்மா."

"நெசமாவா? எனக்காகச் சொல்றியா?"

"சத்தியமா நீ இல்லம்மா."

அம்மா மகனைப் பார்த்தாள். திட்டவும் இல்லை, கிட்டே போகவும் இல்லை. உள்ளே போனாள். கழுவி இன்னும் காயாத தரையில், ஆட்கள் நடமாடுகிற இடத்திலேயே, சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துச் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்தாள். ரெண்டு நாளாகக் கண் மூடாதவள். அன்புமொழி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் உருட்டியவர்களைக் கையால் அமர்த்தினாள்.

முறைப்படி, அப்பா கிடந்த இடத்தில் ஏற்றிய விளக்கைப் பார்க்க உள்ளே வர வேண்டிய அரவிந்த் படியிலேயே நின்றான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டான். அன்புமொழி திரும்பவில்லை. அம்மா வாயைத் திறந்து குறட்டை விட ஆரம்பித்திருந்தாள்.