பாம்புத் தலைக்காரி

என் நாத்தனாரின் முகத்தை நான்தான் அச்செடுத்தேன். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து, மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டுவிட்டு, நெற்றியிலிருந்து தாடை வரை பூசினேன். மேலே மாவுக்கட்டுத் துணியைச் சுற்றினேன். இருபது நிமிடம் அசையக் கூடாது. நான் ஒப்பனை செய்த பெரிய பெரிய நடிகர்களே பத்தாவது நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது என்று கையை ஆட்டிவிடுவார்கள். அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கழற்றியதும், "உள்ள நிம்மதியா இருந்துச்சு அண்ணி. யாரும் என்னப் பாக்கல" என்றாள்.

நான்கு படங்களில் கதாநாயகியாக நடித்தவள் அவள். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னால், கதை சொல்கிறேன் என்று அறைக்குக் கூப்பிட்டுக் கதவைத் தாழிட்ட ஒரு தயாரிப்பாளர் மேல் திரைப்படச் சங்கத்தில் புகார் கொடுத்தாள். விசாரித்தார்கள். ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அந்த ஆள் மறு மாதமே அடுத்த படத்தை அறிவித்தார். இவளைக் கூப்பிட ஆளில்லாமல் போனது. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று என் கணவர் தங்கையிடம் ஒரு தடவை சொன்னார். ஒரே தடவைதான். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதெல்லாம் என் வழியாகத்தான்.

அப்போதுதான் மெடூசா வேடம் வந்தது. கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக் கூந்தல்காரி. அவள் கண்ணைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். கதாநாயகன் சிறகு முளைத்த செருப்பில் பறந்து வந்து, கேடயத்தில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே அவள் தலையை வெட்டுவான். இயக்குநருக்கு அந்தப் புராணங்கள் என்றால் பைத்தியம். அவருடைய அறைச் சுவர் முழுக்க அந்த மாதிரி வெளிநாட்டுப் படங்களின் ஸ்டில்கள்தான். ஒற்றைக்கண் அரக்கர்கள், வாள்கள், தூண்கள், விதவிதமான பாம்புத் தலைகள். யூனிட்டில் அவருக்குச் 'செருப்பு சார்' என்று பட்டப்பெயர். நான்தான் என் நாத்தனார் பெயரைச் சொன்னேன். "ரப்பருக்குள்ள யார் முகம் இருந்தா என்ன, வரச் சொல்லுங்க" என்றார் தயாரிப்பு நிர்வாகி.

வேலை என்று வந்துவிட்டால் அவள் அரைகுறையாக எதையும் செய்ய மாட்டாள். நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்து வந்து படித்தாள். ஒரு நாள் மதியம், நான் பட்டறையில் அறுபத்து மூன்று பாம்புகளுக்கும் செதில் வரைந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, கிரேக்கக்காரங்க முதல்ல சொன்ன கதைல இவ பிறவியிலயே அரக்கி. ஆனா பின்னாடி ரோமானியர்கள் கைக்கு வந்தப்போ கதை வேற. இவ ஒரு அழகான பொண்ணு. கடல் சாமி இவள கோயிலுக்குள்ள வச்சுக் கெடுத்துடுறான். கோயிலுக்கு உரிய தேவி யார தண்டிச்சா தெரியுமா?"

"அவனத்தானே?"

"இவள. முடியெல்லாம் பாம்பா போகட்டும்னு சபிச்சிட்டா."

என் தூரிகை நின்றுவிட்டது. "இந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்று கேட்டேன்.

மறுநாள் இயக்குநரிடம் போய், அந்தக் கோயில் கதையை ஒரே ஒரு காட்சியாகவாவது வைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"இந்தக் கதைய வச்சு நான் பாத்த படம் எதுலயும் அது இல்லம்மா. ஜனங்க பாம்பப் பாக்க வராங்க. அவ மேல பரிதாபம் வந்துட்டா, ஹீரோ வெட்டும்போது எவன் கை தட்டுவான்?"

தலை வெட்டும் காட்சியை ஒரு கைவிடப்பட்ட கல்குவாரியில் எடுத்தோம். காலை பத்து மணிக்கு அவளுக்கு லென்ஸ் போட்டேன். கண்ணின் வெள்ளை, கருமணி எல்லாவற்றையும் மூடுகிற பெரிய லென்ஸ் அது. போட்டால் எதிரில் ஆள் நிற்பது மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். போட்ட நேரம், கழற்றிய நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அன்று கல்தூசியும் புகை இயந்திரமுமாகக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு மணிக்குக் கழற்ற வேண்டும். ஒளிப்பதிவாளருக்கு வெயில் வேண்டியிருந்தது. கழற்றித் திரும்பப் போட முக்கால் மணி நேரம் ஆகும். "இத முடிச்சிடலாம்" என்று இழுத்தார்கள்.

நான்கு மணிக்குத்தான் அவளுடைய ஷாட் வந்தது. கதாநாயகன் வாளை ஓங்கியதும் அவள் சீற வேண்டும். சீறவில்லை. முகத்தை அவன் பக்கம் திருப்பி, அடங்கிய குரலில், "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள்.

கதாநாயகனின் கை அப்படியே தாழ்ந்துவிட்டது.

"கட். வசனம் கிடையாதும்மா. சீறு" என்றார் இயக்குநர்.

அடுத்த டேக்கிலும் அதையே கேட்டாள். அதற்கடுத்த டேக்கிலும். ஐந்து மணி ஆனது. இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க சொந்தக்காரப் பொண்ணுதானே, சொல்லி வைங்க" என்றார். நான் பாம்புகளைச் சரி செய்கிற சாக்கில் அவளிடம் போனேன். ரப்பரின் ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"வலது கண்ணுல கண்ணாடித் தூள் போட்ட மாதிரி இருக்கு. கழட்டிடலாமா அண்ணி? நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க."

நான் சொல்லியிருக்கலாம். ஒப்பனைக்காரி நிறுத்தச் சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும், அது எழுதப்பட்ட விதி. என்னைச் சுற்றி நாற்பது பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒழுங்கா ஒரு தடவ சீறிடு, முடிஞ்சிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.

அவள் சீறினாள். தொண்டை கிழிகிற மாதிரி சீறினாள். எல்லோரும் கை தட்டினார்கள். லென்ஸைக் கழற்றியபோது ஐந்து நாற்பது.

அன்று இரவே கண் எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. கருவிழியில் புண், அதில் கிருமி என்றார் மருத்துவர். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடது கண் பிழைத்தது. வலது கண்ணில் பார்வை போனது போனதுதான். என் கணவர் தினமும் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மூன்று வருடம் கழித்துத் தங்கையிடம் அவர் நேராகக் கேட்டது, "டீ வேணுமா?" என்றுதான். "வேணாம்" என்றாள். மறுநாளும் கேட்டார்.

நிர்வாகி ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை லென்ஸ் கழற்றப்பட்டது, நடிகைதான் சொன்ன பேச்சைக் கேட்காமல் டேக்குகளை இழுத்தார் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகியின் முகத்தைப் பார்க்காமல், "போடாத" என்றார் என் கணவர்.

நான் போடவில்லை. நோட்டைப் பிரதி எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிச் சங்கத்தில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பொறுத்துக்கோன்னு சொன்னதையும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"சரி" என்றாள்.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஒப்பனைத் துறையின் கவனக்குறைவு. இயக்குநர் மீதோ நிறுவனத்தின் மீதோ தவறில்லை. எனக்கு இரண்டு வருடத் தடை. அநியாயம் என்று என் கணவர் குதித்தார். முழுக்க அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னோடு குற்றவாளிகளாக நின்றிருக்க வேண்டியவர்கள் விலகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

படம் நன்றாக ஓடியது. போஸ்டரில் கதாநாயகன் தூக்கிப் பிடித்திருந்த தலை நான் செய்தது. அவள் முகத்தில் எடுத்த அந்த அச்சிலிருந்து வார்த்தது. பஸ் நிறுத்தத்தில், கடைச் சுவரில், எங்கே போனாலும் அது இருந்தது. ஒரு நாள் அவளோடு பஸ்ஸில் போகும்போது அதைத் தாண்டினோம். "மூக்க நல்லா எடுத்திருக்கீங்க அண்ணி" என்றாள். குத்திக்காட்டினாளா, உண்மையாகவே சொன்னாளா, எனக்கு இன்று வரை தெரியாது.

போன மாதம் அவளுக்குக் குரல் கொடுக்கும் வேலை கிடைத்தது. வெளிநாட்டுத் தொடர் ஒன்றில் வரும் பள்ளிக்கூட ஆசிரியைக்கு. முதல் நாள் நான் கூடப் போனேன். ஸ்டூடியோ இரண்டாவது மாடியில். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. ஒவ்வொரு படியையும் கால் நுனியால் தொட்டுப் பார்த்துத்தான் ஏறினாள். நான் கையை நீட்டினேன்.

"வேணாம் அண்ணி. நானே ஏறிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் மேலே போய்ச் சேரும் வரை கீழேயே நின்றேன். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வீட்டுக்குக் கிளம்பினேன்.