இடது பக்கம் வந்தவர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அண்ணன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிய வந்தால் நான் மறைத்துவிட்டதாக நினைப்பீர்கள்.

அண்ணன் ஒரு சலவை நிலையத்தில் வேன் ஓட்டியவன். மருத்துவமனைகளிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை ஏற்றி வருவான், வெளுத்து மடித்ததைக் கொண்டுபோய் இறக்குவான். இருபத்திரண்டு வருடம், ஒரு விபத்து கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னான்:

"நீதான் கதை எழுதுறியே, இந்த சைக்கிள்காரங்களப் பத்தி ஒண்ணு எழுதேன். ரோடு என்னமோ அவங்க அப்பன் வீட்டு முற்றம் மாதிரி வர்றாங்க. இந்தப் பக்கம் யாருமே இருக்க மாட்டாங்க. அடுத்த நிமிஷம் பாத்தா டயருக்குப் பக்கத்துல ஒருத்தன். எங்கேருந்துதான் முளைக்கிறாங்களோ."

"இப்பல்லாம் இவருக்கு ரோட்டுல போற எல்லார் மேலயும் கோபம்," என்றார் அண்ணி. "முன்னாடி இப்படி இல்ல."

அண்ணி சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதைக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"அவன் சிவப்பு விளக்கைச் சட்டை செய்யாமல், மகாராஜா தேரில் வருவதுபோல சைக்கிளில்—"

(அடித்துவிட்டேன். இது என் குரல் அல்ல, அண்ணனுடையது.)

"ஹாரனில் வைத்த கையை அந்த ஓட்டுநர் எடுப்பதே இல்லை. அவனைப் பொறுத்தவரை சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம்—"

(இது சைக்கிள்காரர்களின் குரல். நான் பஸ்ஸில் போகிறவள். இரண்டு பேர் சண்டையையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவள்.)

நான் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்.* கண் பரிசோதிப்பது என் வேலை. கடை வாசலில் ஒரு சிக்னல். கார் உரசிக்கொண்டு போனால் சைக்கிள்காரர் பின்னாலேயே வந்து கார் கூரையில் ஓங்கித் தட்டுவார். கார்க்காரர் கண்ணாடியை இறக்குவார். அப்புறம் வார்த்தை தடிக்கும். இந்தச் சண்டைகளில் நான் கவனித்த ஒன்று: எதிராளி தெரியாமல் செய்துவிட்டான் என்று ஒருவரும் சொல்வதில்லை. வேண்டுமென்றே செய்தான் என்றுதான் இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். கோபப்பட அதுதான் வசதி.

இதையே கதையின் மையமாக வைத்து, கொஞ்சம் புத்திசாலித்தனமாக எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் ஒருவர் கடைக்குள் வந்தார்.

(* இந்தக் கதையில் கண்ணாடி என்றால் மூக்கில் மாட்டுவதும் உண்டு, வண்டியில் மாட்டுவதும் உண்டு. எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். யாரும் என் தமிழைச் சந்தேகிக்க வேண்டாம்.)

3

இவரை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க மாட்டேன். வாசகர்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்திருப்பேன்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் நொறுங்கிய மூக்குக்கண்ணாடி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர் என்று சொன்னார். சைக்கிளில்தான் வேலைக்குப் போவாராம்.

"வெள்ளிக்கிழமை காலையில எட்டரை மணி இருக்கும். ரயில் பாலத்துக்குக் கீழ வளைவு இருக்குல்ல, அங்க. ஒரு வேன் பின்னாலேருந்து வந்து அடிச்சிட்டுப் போயிட்டான்."

"நிக்கலையா?"

"வேகத்தக்கூடக் குறைக்கல. அதான் சொல்றேன், இது தெரியாமப் பண்ணது இல்ல. அதுக்கு முந்தின சிக்னல்ல ஒரு வேன்காரன்கூட வாய்த்தகராறு. ஓரமாப் போன்னு கத்தினான், நானும் நாலு வார்த்தை சொன்னேன். அவனாத்தான் இருக்கும்."

"வண்டியைப் பார்த்தீங்களா?"

"வெள்ளை வேன். பின் கதவுல நீலத்துல ஏதோ எழுதியிருந்துச்சு. படிக்கலாம்னா கண்ணாடிதான் கீழ விழுந்து நொறுங்கிப்போச்சே."

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கையாலதான் ஊசி போடணும். விரல் மூணு மரத்துப்போயே கிடக்கு. நரம்பு கிடைக்காத ஆளுங்கள எல்லாம் என்கிட்டதான் அனுப்புவாங்க, தெரியுமா."

நான் அவருடைய பழைய அளவைக் குறித்துக்கொண்டேன். என் அண்ணனின் வேன் வெள்ளை. பின் கதவில் சலவை நிலையத்தின் பெயர், நீல எழுத்தில்.

(வெள்ளை வேன் ஊரில் எத்தனையோ. மறுநாள் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். நீல எழுத்துப் போட்டவை மட்டும் ஒன்பது போயின. அந்த ஒன்பதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.)

4

அண்ணிக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் எந்த வழியாகப் போவான் என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"கதைக்கு."

கதைக்கு என்று சொன்னால் யாரிடமும் எதையும் கேட்கலாம். எழுதுகிறவர்களுக்குள்ள சலுகை இது, இதைவிடக் கேவலமான சலுகை வேறு இல்லை. அண்ணி உற்சாகமாகச் சொன்னார்: பெரிய மருத்துவமனை, அப்புறம் ரயில் பாலம், அப்புறம் பிரசவ மருத்துவமனை.

அன்று சாயங்காலமே போனேன். வேன் வாசலில் நின்றது. இடது பக்கக் கண்ணாடியின் (வண்டியில் மாட்டுவது) விளிம்பில் ஒரு சிராய்ப்பு, உள்ளங்கை நீளம்.

"இது என்ன அண்ணா?"

"மரக்கிளை ஏதாவது பட்டிருக்கும்."

சட்டென்று சொன்னான். கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று.

உள்ளே போனோம். அண்ணன் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அச்சு சரியில்லை, வரி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது, முதல் சந்தேகத்தைவிட மோசமானது. அவனுடைய தண்ணீர் டம்ளரை வலது பக்கத்திலிருந்து எடுத்து இடது பக்கம் வைத்தேன். அவன் கண் முன்னாலேயே. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டியபோது முழங்கை பட்டு டம்ளர் உருண்டது.

"யார் இத இங்க வெச்சது?" என்றான்.

அண்ணி துணி எடுத்து வந்து துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் டம்ளரை நகர்த்தியதை அவர் பார்த்திருந்தார்.

5

"நாளைக்குக் கடைக்கு வா, கண்ணப் பாத்துடலாம்" என்றேன். வந்தான். வேனில்தான் வந்தான்.

எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து நடுவிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கே ஒளிப்புள்ளி தெரிந்தாலும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணன் கெட்டிக்காரத்தனமாக அழுத்தினான். டக், டக், டக். பிறகு சத்தம் நின்றது. அவன் அசையாமல், சொன்னபடி நேராகப் பார்த்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தான்.

"என்ன, மெஷின் நின்னுபோச்சா?" என்றான்.

நிற்கவில்லை. புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தன.

காகிதத்தில் அச்சாகி வந்தது. வலது கண்ணில் இடது பாதி கறுப்பு. இடது கண்ணிலும் இடது பாதி கறுப்பு. ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் கண்ணில் கோளாறு. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் என்றால் கோளாறு கண்ணில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. இதை நான் எத்தனையோ பேருக்கு நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன்.

"தலைவலின்னு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தியே, அது எப்ப?"

"நாலு மாசம் இருக்கும். ஏன்?"

சொன்னேன். பிறகு ரத்தம் எடுக்கும் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது. அவன் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தான். அதன் இடது பாதி அவனுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"இத எழுதாத," என்றான்.

"ரிப்போர்ட்டையா, கதையையா?"

"ரெண்டையும்."

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. சலவை நிலையம் பக்கத்தில்தான், வண்டியை அங்கே விட்டுவிடுகிறேன் என்றான். நான் ஓடிப்போய் இடது இருக்கையில் ஏறிக்கொண்டேன். (அவனை ஓட்ட விட்டிருக்கவே கூடாது. இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்தேன், இரண்டு முறை திரும்ப எழுதினேன். அடித்துவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன் என்பதால்தான் விட்டுவைத்திருக்கிறேன்.)

நடந்து போகிற வேகத்தில் ஓட்டினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சைக்கிள். வயசானவர். கேரியர்ல மூட்டை."

"ம்."

"சைக்கிள். யூனிபார்ம் போட்ட பொண்ணு."

"ம்."

"ரெண்டு சைக்கிள். புருஷன் பொண்டாட்டி போல. அவங்க பேசிக்கிட்டே வர்றாங்க."

"பொய் சொல்லாத," என்றான். "அங்க யாரும் இல்ல."

"கழுத்தத் திருப்பிப் பாரு அண்ணா."

திருப்பிப் பார்த்தான். வண்டியை ஓரம் கட்டினான். சாவியை என் மடியில் போட்டான். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நின்றுபோன வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதுபோல.

6

இங்கே முடித்திருக்கலாம். மூன்று முடிவுகள்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அ. அண்ணனுக்குச் சிகிச்சை. ரத்தம் எடுப்பவருக்குப் புதுக் கண்ணாடி. யாரும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. சாலை பத்திரமாகிவிட்டது, வேறென்ன வேண்டும்?

ஆ. தங்கை போய் அண்ணனைக் காட்டிக் கொடுக்கிறாள். (இதில் நான் நாயகி. அதனாலேயே எனக்கு இதன் மேல் நம்பிக்கையில்லை.)

இ. சிராய்ப்பு உண்மையிலேயே மரக்கிளையால் வந்தது என்று

(முடிக்க முடியவில்லை.)

உண்மையைச் சொன்னால், நான் வாழத் தொடங்கியது 'அ' முடிவில்தான். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு, நாலு மாதப் பழசு. மாத்திரை கொடுத்தார்கள். போன பார்வை திரும்புவது கடினம், வண்டி இனி வேண்டாம் என்றார் மருத்துவர். சலவை நிலையத்தில் அவனை விரிப்புகள் மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவனைத் தவிர எல்லாரும் பெண்கள், கேலி செய்து கொல்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை ரத்தம் எடுப்பவர் கடைக்கு வந்தார். கண்ணாடி தயாரா என்று கேட்க வந்தவர், முகமெல்லாம் வெளிச்சமாக ஒரு செய்தி சொன்னார்.

"ஆளப் பிடிச்சாச்சு. சிக்னல்ல கத்தினானே, அவன்தான். அந்தச் சிக்னல் பக்கம் கடைகள்ல விசாரிச்சுக் கண்டுபிடிச்சிட்டாங்க. பாலத்துப் பக்கமே போகலன்னு சாதிக்கிறானாம். லைசென்ஸ வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"அவர்தானா? நிச்சயமாத் தெரியுமா?"

"வேற யாரு? என்மேல கோபப்பட்டது அவன்தானே."

கண்ணாடி சனிக்கிழமை வரும் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது.

7

இதுவரை நீங்கள் படித்ததை அப்படியே அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேசத் தைரியம் இல்லாததால் எழுத்தைக் கொடுத்தேன் என்று நீங்கள் சந்தேகித்தால், சரியாகத்தான் சந்தேகிக்கிறீர்கள்.

மூன்று நாள் வைத்திருந்தான். வரியின் தொடக்கம் தப்பிப்போகாமலிருக்க, விரலை இடது ஓரத்தில் ஊன்றிக்கொண்டு படித்தான் என்று அண்ணி சொன்னார். திருப்பிக் கொடுத்தபோது நான்காம் பகுதிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

"மரக்கிளைன்னு சொன்னது பொய். அன்னைக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு. பள்ளம்னு நினைச்சேன். ஆஸ்பத்திரில நிறுத்தினப்ப கண்ணாடி உள்பக்கமா மடங்கியிருந்துச்சு. வெளிய தள்ளிவிட்டுட்டு வேலையப் பாக்கப் போயிட்டேன். பள்ளம் கண்ணாடிய மடக்காதுன்னு எனக்குத் தெரியும். கண்ணு தெரியாமப் போனது என் தப்பில்லன்னு நீ சுத்திச் சுத்தி எழுதியிருக்க. திரும்பிப் போய்ப் பாக்காதது என் தப்பு. அத எழுது."

எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அண்ணியும் அவனும் காவல் நிலையம் போனார்கள். சிராய்ப்பையும் என் ரிப்போர்ட்டையும் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். சிக்னலில் கத்திய அந்த வேன்காரருக்கு மத்தியானமே லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. அவர் அண்ணனைப் பார்த்துத் திட்டக்கூட இல்லையாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். அங்கிருந்து அண்ணன் நேராகக் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டான். நான் கேட்காமலே.

நாலு மணிக்கு ரத்தம் எடுப்பவர் வந்தார். புதுக் கண்ணாடியைப் போட்டுக் காதுப் பக்கம் சரிசெய்துவிட்டேன். நன்றாகத் தெரிகிறது என்றார்.

"உள்ள ஒருத்தர் உங்களுக்காக உக்காந்திருக்கார்," என்றேன். "என் அண்ணன். அந்த வேன ஓட்டினவர்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அளவு எடுத்த நாள், கண்ணாடியைத் தாமதித்த நாள் எல்லாம் வரிசையாக ஓடியதைக் கண்டேன். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

அண்ணன் எழுந்து நின்று, பென்சிலால் எழுதியிருந்ததையெல்லாம் வாயால் சொன்னான். பிறகு அவர் பேசினார். அவர் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது. வீட்டுக்குப் போனதும் எழுதியும் வைத்தேன். அனுமதி கேட்கப் போனபோது, "அவர் சொன்னத எழுதிட்டீங்க, சரி. நான் சொன்னது என்கிட்டயே இருக்கட்டும்," என்றார். கிழித்துவிட்டேன்.

ஆகையால் இந்தக் கதைக்கு நான் முடிவு தர முடியாது. அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். சைக்கிளில் போகிறவர்கள் ஒன்றை எழுதுவீர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் வேறொன்றை எழுதுவீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சாலையில் எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்து எழுதுவீர்கள். அதையும் நான் தடுக்க முடியாது.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவர் பேசி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அண்ணன் நடுவில் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. அந்த நான்கு நிமிடம் உங்களுடையது.