இந்த லாட் முடியட்டும்

அம்மா மறுபடியும் கையைத் தூக்கினாள். மருந்து ஏறிக்கொண்டிருந்த கை. மகள் அதைப் பிடித்து மெத்தைமேல் வைத்தாள்.

"மேடம், போயிட்டு வந்துடட்டுமா? இன்னிக்கு ரெண்டாவது தடவைதான்."

"எங்கேயும் போக வேணாம்மா. மூத்திரத்துக்கு டியூப் போட்டிருக்கு. படு."

"அவசரம் மேடம்."

"நான் உன் பொண்ணும்மா, பாப்பா. நல்லாப் பாரு."

அம்மா நன்றாகத்தான் பார்த்தாள். "தெரியுது மேடம்" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் பிதற்றலில் காலையிலிருந்து இதே கூத்து. மகளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, அழவும் தெம்பில்லை. இரண்டு நாளாக ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

இருவரும் ஒரே தையல் ஃபாக்டரி. அம்மா அங்கே காலர் தைக்கப் போய்ப் பத்தொன்பது வருடம். மகள் அம்மாவின் மெஷின் வரிசைக்கே சூப்பர்வைசர் ஆகி நாலு மாதம். வீட்டில் 'பாப்பா', 'நீ'. ஃபாக்டரி வாசலைத் தாண்டினால் 'மேடம்', 'நீங்க'. அந்த ஏற்பாடே அம்மாவுடையதுதான். "பெத்தவளாச்சேன்னு பாத்தா உன் மரியாதை என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிவிட்டு, முதல் நாளே எல்லோர் முன்னாலும் வாய் நிறைய 'மேடம்' என்றாள். அன்று மகளுக்கு உச்சி குளிர்ந்தது உண்மை. இப்போது நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தடவைதான் பாத்ரூம் போகலாம். அதுவும் சூப்பர்வைசர் தலையாட்டினால். "வேலைக்கு வர்றாங்களா, சொகுசுக்கு வர்றாங்களா?" என்று மேனேஜர் கூட்டத்தில் கேட்டபோது, அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சொந்தத் தாய்க்குச் சலுகை காட்டுகிறாள் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே. அதனால் மற்றவர்களைவிட அம்மாவிடம் ஒரு பிடி கூடுதலாகவே கறார். போன மாதம் அம்மா கையைத் தூக்கியபோது, "இந்த லாட் முடியட்டும்" என்றாள். அந்த லாட் துணிக்கட்டு முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அம்மா முணுமுணுக்கவில்லை. மறுநாளிலிருந்து வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வரிசையில் பாதிப் பேர் செய்வதுதான்.

"தண்ணியே குடிக்க மாட்டாங்களா? கிட்னியில சீழ் புடிச்சு ரத்தத்துல கலந்துடுச்சே" என்று டாக்டர் கேட்டார். "குடிப்பாங்க" என்று மகள் கூசாமல் பொய் சொன்னாள்.

மன்னிப்பு கேட்கத்தான் உட்கார்ந்திருந்தாள். மேடமாக இருந்துகொண்டு எப்படிக் கேட்பது? ஒரே ஒரு தடவை அம்மா 'பாப்பா' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

மதியத்துக்கு மேல் அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, "பேசறதுன்னா இப்பவே பேசிடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"அம்மா, பாப்பான்னு கூப்பிடேன். ஒரு தடவை."

கை எழவில்லை. விரல்கள் மட்டும் அசைந்தன.

"மேடம்... போயிட்டு..."

அடக்கிக்கொண்டு காத்திருக்கும் முகம். நாலு மாதமாக வரிசை நெடுகப் பார்த்துப் பழகிய முகம்தான். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

மகள் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க" என்றாள். "லாட்டை நான் பாத்துக்கறேன். மெதுவா வாங்க."

அம்மாவின் நெற்றிச் சுருக்கம் விட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது.

மறுநாள் பத்தரை மணிக்கு வீட்டு வாசலில் ஃபாக்டரி வேனில் வரிசைப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அரை மணி நேர அனுமதி. அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் பதினைந்து வருடம் உட்கார்ந்தவள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டாங்களே மேடம்" என்று விம்மினாள்.

சுட்டெரிக்கும் வெயில். சித்தி குடத்துத் தண்ணீரை டம்ளர்களில் மொண்டு தட்டில் கொண்டுவந்தாள். எல்லோரும் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டார்கள். யாரும் வாயில் வைக்கவில்லை.

"குடிங்கம்மா, என்ன கூச்சம்?" என்றாள் சித்தி.

"இல்லக்கா, ஷிஃப்ட் இருக்கு..." என்று ஆரம்பித்த ஒருத்தி, மகளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேன் ஹாரன் அடித்தது. டம்ளர்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள்.

மகள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குடத்தில் திருப்பி ஊற்றினாள். பன்னிரண்டாவதையும் ஊற்றியபோது, குடத்துத் தண்ணீர் பழைய அளவுக்கே வந்து நின்றது.