பெரியவரும் சின்னவரும் ஒரு பழைய நாற்காலியும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நாற்காலி முனகிய சத்தத்திலிருந்து வந்தது. கிட்டார் கதை என்று சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன். கிட்டார்களும் வரும், ஒன்றுக்கு இரண்டாகவே வரும். ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த முனகல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

தொடக்கத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

விலை குறைந்த தொடக்கம்: ஓர் ஊரில் ஒரு கிட்டார் கடை இருந்தது.

விலை உயர்ந்த தொடக்கம்: நீலத் திரைச்சீலையின் மடிப்புகளில் மதியம் தன்னை மறந்து உறங்கிக்கொண்டிருக்க, மரமும் மின்சாரமும் ஒன்றையொன்று முதன்முதலாகத் தொட்ட அந்த—

(நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

முதலாவதே இருக்கட்டும்.

2

ஓர் ஊரில் ஒரு கிட்டார் கடை இருந்தது. மாதம் ஒரு மதியம் அங்கே வருகிறவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். இசைக்கருவிப் பத்திரிகை ஒன்றில் ஒரு பக்கம் எழுதுகிறார், பத்து வருடமாக.

பெயர்பெற்ற பழைய மின்சாரக் கிட்டார்கள் இப்போதெல்லாம் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று பட்டறையில் ஆள் உட்கார்ந்து இழைத்தது. மற்றது தொழிற்சாலையில் நூறு நூறாக வந்து விழுவது. அதே இரண்டு கொம்பு, அதே இடுப்பு, அதே மூன்று குமிழ். பத்தடி தள்ளி வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. விலை உயர்ந்ததைப் பெரியவர் என்றும் குறைந்ததைச் சின்னவர் என்றும் கடைக்காரர் மரியாதை குறையாமல் அழைப்பார்.

கையில் எடுத்தால் குட்டு உடைந்துவிடும். சின்னவரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளின் முனைகளைச் சரியாகத் தேய்த்திருக்க மாட்டார்கள்; உள்ளங்கையைக் கீறும். முறுக்காணி இளகி, பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கும். பெரியவர் சொன்ன பேச்சைக் கேட்பார். அதனால்தான் காதால் மட்டும் கண்டுபிடிக்கக் கடையின் பின்னறையில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பிரம்பு நாற்காலியில் காதுக்காரரின் தங்கை உட்கார்ந்து, ஒரே மெட்டை முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் வாசிப்பாள். எது முந்தி என்பது அவள் இஷ்டம். இந்தப் பக்கம் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டு, எது பெரியவர் என்று எழுதுவார். அப்புறம் திரை விலகும். பத்து வருடத்தில் அவர் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அண்ணனும் தங்கையும் வேறு வேறு ஊர். அந்த ஒரு மதியம்தான் இருவருக்கும் பொதுவானது.

3

காதுக்காரருக்குக் காது போய்விட்டது.

(இதை இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான்கு தரம் எழுதி அடித்தேன். எப்படிச் சொன்னாலும் போனது போனதுதான்.)

முழுக்கப் போகவில்லை. கீச்சுக்குரல்கள், சாவிக்கொத்து, கம்பியின் நுனியில் மினுங்கும் அந்த மெல்லிய ஓசை ஆகியவை மட்டும் போய்விட்டன. பெரியவருக்கும் சின்னவருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் குடியிருப்பது அங்கேதான். இரண்டு வருடத்துக்கு முன் பரிசோதனைக்குப் போனார்.

"சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க" என்றாள் செவிலி.

சும்மா இருப்பதுதான் அவருக்கு வராதே. எதிரே மாட்டியிருந்த படகுப் படத்தின் கண்ணாடியில் செவிலியின் தோள் தெரிந்தது. கருவியை அழுத்தும்போதெல்லாம் அந்தத் தோள் லேசாக ஏறியது. தோள் ஏறும்போதெல்லாம் அவரும் பட்டனை அமுக்கினார்.

"இந்த வயசுல இப்படி ஒரு காதா!" என்று அவள் வியந்து சான்றிதழ் கொடுத்தாள். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். எத்தனை சத்தம் கேட்கவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

பிறகு எப்படித் தப்பாமல் சொன்னார்? நாற்காலி. சின்னவர் மடியில் இருந்தால் தங்கை முன்னால் குனிந்து மல்லுக்கட்டுவாள். பெரியவர் வந்ததும் நிம்மதியாகப் பின்னால் சாய்வாள். சாய்ந்தால் பிரம்பு நாற்காலி அடித்தொண்டையில் முனகும். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

விஷயம் வெளியே வந்தால் பத்திரிகைப் பக்கம் போகும், பட்டப்பெயர் போகும், அந்த மதியமும் போகும். அவர் பயந்தது கடைசியாகச் சொன்னதற்குத்தான்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். தங்கை என்கிற பாத்திரம் பிடிபட மறுக்கிறாள். அவள் கையை எழுத முடிகிறது, கீறல் விழுந்த உள்ளங்கையை எழுத முடிகிறது. முகத்துக்கு வந்தால் பேனா நிற்கிறது. அவள் தன் அண்ணனை—

(பிறகு வருகிறேன்.)

5

இந்த மாதத்து மதியம். மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்ற யோசனையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. திரையின் நீலம் தரையிலும் கொஞ்சம் படிந்து, அறையே தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி தெரிகிறது.

"இந்த மாசம் சின்னவரு நல்லாத் தேறியிருக்காரு. பாத்துச் சொல்லுங்க" என்கிறார் கடைக்காரர்.

"பாக்கவா வந்தேன்? கேக்கத்தானே வந்தேன்" என்று சிரிக்கிறார் காதுக்காரர்.

முதல் மெட்டு. நாற்காலி முனகுகிறது. சரி, பெரியவர். பேனாவைத் திறக்கிறார்.

இரண்டாவது மெட்டு. நாற்காலி மறுபடியும் முனகுகிறது.

அவர் கண்ணைத் திறந்துவிடுகிறார். வியர்க்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. கனவில் யாரோ கூப்பிடுவது போல, எங்கிருந்தோ, ஒரே குரலில்.

"என்னங்க, எது பெரியவரு?" என்று கேட்கிறார் கடைக்காரர்.

அவருக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் பெரியவரின் பெட்டி திறக்கப்படவே இல்லை. இரண்டு தடவையும் வாசித்தது சின்னவரைத்தான். இந்த முறை பட்டை முனைகளை ஒழுங்காகத் தேய்த்திருந்தார்கள். கை கீறவில்லை. சாய முடிந்தது.

ஆக, "எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கலை" என்று அவர் உண்மையைச் சொன்னால் அதுதான் சரியான விடை.

6

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன.

விலை குறைந்தது: கௌரவத்தைக் காப்பாற்ற ஏதோ ஒன்றைப் பெரியவர் என்கிறார். திரை விலகுகிறது. மானம் போகிறது.

விலை உயர்ந்தது: "ஒண்ணும் கேக்கலை" என்று தலைகுனிகிறார். திரை விலகுகிறது. "காதுன்னா இதுதான்யா காது!" என்று கடைக்காரர் கட்டிப்பிடிக்கிறார். அவர் ஒப்புக்கொண்டதையே யாரும் கவனிக்கவில்லை. ரகசியம் முன்னைவிடப் பத்திரமாகிறது.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டிலும் அவர் தனியாகவே இருக்கிறார்.

4-இல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில், அன்று மட்டும் ஊரிலிருந்து துணைக்கு வந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷன் அந்தப் படகில் அப்படி என்னத்தைப் பார்க்கிறார் என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். படகு தெரியவில்லை, தோள் தெரிந்தது. பிறகொரு மாதம் பிரம்பு பின்ன நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள். அண்ணன் மூன்று தரம் திருப்பி வாசிக்கச் சொல்லி, எப்படியோ சரியாக ஊகித்துவிட்டு, கடைசியில் கேட்டார்: "அந்தப் பழைய நாற்காலி எங்க போச்சு?"

நாற்காலி அதே முனகலோடு திரும்பி வந்த நாளிலிருந்து நான் வேண்டுமென்றே சாய்ந்தேன்.

ஆமாம், நான்தான். அவர் மனசுக்குள் ஓடியதாக எழுதியதெல்லாம் என் ஊகம். இரண்டு வருடமாக நான் வாசித்தது கிட்டாரை அல்ல, நாற்காலியை. அலுத்துவிட்டது. என் அண்ணன் ஒரு தடவையாவது என்னிடம் உண்மையைச் சொல்லட்டும், சொன்னால் அது தப்பாகிவிடவும் கூடாது. அதற்குத்தான் இந்தத் தந்திரம்.

இப்போது சின்னவர் என் மடியில். அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் இன்னும் வரவில்லை. திரை விலகும்வரை எனக்கு எதுவும் தெரியாது. நீங்கள்தான் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். அவர் பக்கத்து நாற்காலி காலிதான், போய் உட்காருங்கள். என் தங்கச்சிக்குத் தெரியுமா என்று அவர் கேட்டால், தெரியும் என்று சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். நான் சத்தமாகப் பேசினால் எனக்குத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார் என்று இரண்டு வருடமாக அவரிடம் மெதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறேன்.