முந்திரிப்பழ நிறத்தில் ஒரு ஜீனியா

சூளையின் உள்சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும், நாற்பது நாளைக்கு வேலை இல்லை என்று கம்பெனியில் சொன்ன அன்றே சிவசங்கரிக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக ப்யூஸ் கட்டைகளுக்கான சூளையில் வைக்காத பச்சைப் பீங்கானில் பிசிறு சீவுகிறவள். அந்த விரல்கள் சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை. வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் இரண்டு நாளில் விளக்கி முடித்தாள். மூன்றாம் நாள் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனவள் திரும்பி உள்ளே வரவேயில்லை என்று அவள் கணவன் தமிழ்ச்செல்வன் ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை.

தோட்டம் என்றால் பத்தடிக்கு இருபதடி. ஒரு ஓரத்தில் ஆரஞ்சு நிறக் காஸ்மாஸ் பூச்செடி ஆளுயரத்துக்கு நின்றது. மற்ற இடமெல்லாம் ஜீனியா. போன வருஷம் நாத்தனார் வீட்டு முந்திரித் தோப்புக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு நினைப்பு. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு என்று முந்திரிப்பழம் பழுத்துத் தொங்குகிற மாதிரி ஒரு பூ வேண்டும். தபாலில் வரவழைத்த விதையில் மஞ்சள் பூ இருந்தது, ரோஸ் இருந்தது. இரண்டும் கலந்தது இல்லை. இல்லாவிட்டால் என்ன, நாமே கலந்துவிடலாம் என்று, வேலை நிற்பதற்கு வெகு முன்பே இறங்கியிருந்தாள்.

முதலில் காஸ்மாஸையும் ஜீனியாவையுமே சேர்த்துப் பார்த்தாள். காய்ந்த பூத்தலையை உதிர்த்தால் வெறும் சருகுதான் வந்தது. இரண்டும் வேறு வேறு இனம், சேராது என்று போனில் வீடியோ போடுகிற ஒருவர் அவளுக்குப் பதில் எழுதியிருந்தார். அடுத்து ஜீனியாவோடு ஜீனியா. வெளி இதழ் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டாகப் பிளந்த ஒரு மெல்லிய இழை இருக்கும். விதை பிடிப்பது அங்கேதான். நடுவில் குட்டி நட்சத்திரங்களாக விரியும் மஞ்சள் பூக்களில் மகரந்தம். அவற்றை விரியும் முன்பே இடுக்கியால் பிடுங்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தை இழையில் தடவ வேண்டும். அப்படித்தான் தடவினாள். அந்த விதையை மார்கழியில் போட்டு, வேலை இல்லாத இந்த மாசியில் பூத்தபோது அத்தனையும் செங்கல் நிறம்.

அடுத்த வீட்டுப் பாஞ்சாலையின் பூவால்தான் இது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பி வேலிதான். வேலியை ஒட்டி அந்தப் பக்கம் பாஞ்சாலை ஒரு வரிசை ஜீனியா வைத்திருந்தாள், கறுத்த சிவப்பு. வெள்ளிக்கிழமை தோறும் பறித்து சாமி படங்களுக்குப் போடுவாள். காலை வெயில் ஏறியதும் தேனீக்கள் அதிலிருந்து எழுந்து, வேலி தாண்டி, நேராகச் சங்கரியின் மஞ்சள் பூமேல் உட்கார்ந்தன. அந்தச் சிவப்பு வந்து விழுந்தால் மஞ்சளைத் தின்றுவிடும் என்பது அவள் கணக்கு.

பழைய கொசுவலையை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்துப் பூக்களை மூடினாள். காற்று பைகளைக் கழற்றி எறிந்தது. மறுபடி கட்டினாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை போய்ப் பார்த்தாள். கடைசியில் பாஞ்சாலையிடமே கேட்டுவிட்டாள்.

"யக்கா, ஒரு மாசத்துக்கு மட்டும் உன் பூவ மொட்டுலயே கிள்ளிப் போட்டுர்றியா? என் விதையெல்லாம் கெட்டுப்போவுது."

பாஞ்சாலை சிரித்தாள். "என்னாடி இது? பூக்கறத்துக்குத்தான வெச்சிருக்கறன்?"

அதோடு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு சங்கரியின் காதை விட்டுப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, அக்கா பேத்திக்குக் காது குத்து என்று பாஞ்சாலை வீட்டைப் பூட்டிக்கொண்டு நல்லூர் போனாள். தமிழ்ச்செல்வன் காலை ட்யூட்டிக்குப் போயிருந்தான். சங்கரி அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுத் தோட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சோற்றை வடித்தாள். மறுபடி நடந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, வேலிக் கம்பியைத் தூக்கி, அந்தப் பக்கம் புகுந்தாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பூத்தது, மொட்டு, எல்லாவற்றையும் வெட்டி ஒரு சாக்கில் போட்டாள். அடியில் காய்ந்து கறுத்திருந்த தலைகளில் மகரந்தம் கிடையாது என்பதால் அவற்றை விட்டுவிட்டாள். சாக்கைக் கொண்டுவந்து தன் எருக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். கை கழுவி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பாஞ்சாலை மறுநாள் மாலை வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தெருக்கோடியில் இருக்கும் பச்சமுத்து நாலு வெள்ளாடு வளர்த்தார். தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் ஆற்றோரத்துக்கு ஓட்டிப்போவார். பாஞ்சாலை நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"கட்டி மேய்க்கத் தெரியாதவனுக்கு ஆடு எதுக்குய்யா? ஒரு பூ உடாம தின்னுட்டுப் போயிருக்குது!"

"என் ஆடு நேத்து பூரா ஆத்தோரந்தான் கெடந்துது. ஆடு கடிச்சா எலைய உட்டுட்டு பூவ மட்டுமா கடிக்கும்? நீயே பாரு."

பாஞ்சாலை ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கூட்டத்தில் நின்ற சங்கரியைப் பார்த்துக் கேட்டாள். "நீ வூட்டுலதான இருந்த? எதனா பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லத்தான் சங்கரி வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

"பாக்கலக்கா. ஆடு கத்துன சத்தம் கேட்டாப்புல இருந்துது."

பச்சமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் ஆடுகள் அந்தச் சந்தில் வரவில்லை.

பத்து நாள் இருக்கும். தமிழ்ச்செல்வன் வேலை முடிந்து வந்து, சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னான். "பச்சமுத்து அண்ணன் ஆடு ஒண்ணு கூட்ஸுல அடிபட்டுடுச்சு. செனையாடு. பாவம், அந்த மனுஷன் தண்டவாளத்து ஓரமே குந்திக்கினு கெடந்தாரு. நாந்தான் எழுப்பி அனுப்புனன்."

"தண்டவாளத்துக்கிட்ட ஏன் ஓட்டிக்கினு போனாரு?"

"இந்தச் சந்துல வந்தா பேச்சு வாங்கணும்னு சுத்திக்கினு போறாராம்."

சங்கரி அடுப்படிக்குள் போய் நின்றாள். என்ன எடுக்க வந்தோம் என்று தெரியவில்லை. வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் கால் மணி நேரம் இருக்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று தெருக்கோடிவரை போவாள், கடைக்கு வந்தவள் மாதிரி உப்போ தீப்பெட்டியோ வாங்கிக்கொண்டு திரும்புவாள். வீட்டில் பன்னிரண்டு தீப்பெட்டி சேர்ந்தது.

"எதுக்கு இவ்ளோ?" என்று தமிழ்ச்செல்வன் கேட்டான்.

"கெடக்கட்டும், நமத்தா போயிடும்?" என்று எரிந்து விழுந்தாள்.

பங்குனியில் கம்பெனி திறந்தது. பிசிறு சீவும்போது இரண்டு தடவை விரலைக் கிழித்துக்கொண்டாள். கொசுவலைப் பைக்குள் காய்ந்த விதைகளைச் சித்திரையில் போட்டாள். மூடி வைத்து, காவல் காத்து, அடுத்தவள் பூவையெல்லாம் வெட்டி எடுத்த விதை. ஆனி பிறந்தபோது பூத்தது. நாற்பது செடி. நாற்பதிலும் சாயம் போன ரோஸ். மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை.

அவள் அந்தப் பாத்தியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாஞ்சாலை கூப்பிட்டாள்.

"சங்கரி, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். நீ ஒரு கலரு சொல்லிக்கினே இருந்தியே, இதானா பாரு."

சுற்றிக்கொண்டு போனாள். காய்ந்த தலைகளிலிருந்து விதை உதிர்ந்து, துணி துவைக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானாக ஏழெட்டுச் செடி முளைத்திருந்தது. அதில் ஒன்றில் ஒற்றைப் பூ. இதழின் அடியில் மஞ்சள், பாதிக்கு மேல் சிவப்பு ஏறி, நுனியில் நல்ல பழச்சிவப்பு. சங்கரிக்குப் புரிந்துவிட்டது. அவள் மஞ்சள் பூவின் மகரந்தத்தைத் தேனீதான் இந்தச் சிவப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது. எந்தப் பூ கெடுத்துவிடும் என்று அவள் வெட்டி எறிந்தாளோ அதுதான் இதைப் பெற்றிருக்கிறது.

"காஞ்சதும் கிள்ளி எடுத்துக்க. உனக்குத்தான் இதுல பைத்தியம்," என்றாள் பாஞ்சாலை.

சங்கரி பூவைத் தொடவில்லை. "யக்கா, அன்னிக்கு உன் பூவத் தின்னது ஆடு இல்ல. நாந்தான் வெட்டனன்."

பாஞ்சாலைக்கு முதலில் விளங்கவில்லை. "என்னா வெட்டன?"

"நீ நல்லூருக்குப் போயிருந்தப்ப. கத்திரிக்கோல எடுத்தாந்து எல்லாத்தையும் நாந்தான் வெட்டனன். ஆடு கத்துச்சுன்னு சொன்னதும் பொய்யி."

பாஞ்சாலை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். குரல் தணிந்திருந்தது.

"பூவு என்னுது, அது போவட்டும். அந்த ஆள நான் தெருவுல நிக்க வெச்சு என்னென்ன கேட்டன்? செனையாடு செத்துதே, அதுக்கு நானும்ல பாவத்துல கூட்டாயிட்டன்? போ. மொதல்ல அங்க போய்ச் சொல்லு. அப்புறம் என் மூஞ்சியில முழி."

இந்த முறை சங்கரி கடைப்பக்கம் திரும்பவில்லை. பச்சமுத்து வாசலில் வேப்பங்குழை ஒடித்து ஆடுகளுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குழையைக் கட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்மா," என்றார் பிறகு. "காம்பு கத்திரிச்ச மாதிரி இருந்துது. யாருன்னுதான் தெரியல. நீ ஆடு கத்துச்சுன்னு சொன்னதும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏண்ணே சொல்லாம இருந்தீங்க?"

"ஆட்டுக்காரன் சொன்னா யாரு நம்புவா?"

"ஆட்டுக்கு என்னா வெலயோ நான் குடுத்துர்றன்."

"வெல எனக்கு வாணாம்." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "தெருவுல வெச்சுத்தான என்னைக் கேட்டாங்க? தெருவுல வெச்சுச் சொல்லு. அது போதும்."

மறுநாள் காலை குழாயடியில் தண்ணீர் வருகிற நேரம். தெருவில் பாதிப் பேர் குடத்தோடு நின்றார்கள். சங்கரி தமிழ்ச்செல்வனிடம் மட்டும் முந்தின இரவே சொல்லியிருந்தாள். அவன் திட்டவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றான். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தான் வெட்டியதை, பொய் சொன்னதை, பச்சமுத்து அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை. சொல்லி முடித்தபோது குடம் நிரம்பி வழிகிற சத்தம்தான் கேட்டது. ஒரு பெண் காரித் துப்பினாள். பச்சமுத்து தெரு ஓரமாக நின்று கேட்டுவிட்டு, பாஞ்சாலை அவரைப் பார்த்துக் கும்பிட்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் மூன்று ஆடுகளும் அந்தச் சந்து வழியாகப் போயின.

பாஞ்சாலை அதன் பிறகு சங்கரியோடு பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் செடி பக்கக்கிளை விட்டு மேலும் ஆறு பூ பூத்தது. சங்கரியால் தொட முடியாது, பை கட்ட முடியாது, தேனீயை விரட்ட முடியாது. ஷிஃப்டு முடிந்து வந்ததும் பார்ப்பாள். விடிந்ததும் பார்ப்பாள். மழை தூறினால் விதை அழுகிவிடுமோ என்று எழுந்து உட்காருவாள். வெள்ளிக்கிழமை பாஞ்சாலை கூடையோடு வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். பாஞ்சாலை அதில் இரண்டைப் பறித்துச் சாமிக்குப் போட்டாள். மற்றவற்றைக் காய விட்டாள்.

ஆடி முடியும் சமயம், ஒரு காலையில், பழைய காலண்டர் தாளில் கட்டிய ஒரு பொட்டலம் வேலிக் கம்பியில் சொருகியிருந்தது. பிரித்தாள். காய்ந்த தலைகள் இரண்டு. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

எண்ணிப் போட்டதில் இருபத்தாறு முளைத்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பூத்துவிட வேண்டுமே என்று அவள் தவித்த தவிப்பில் தமிழ்ச்செல்வன் இளைத்துப்போனான். புரட்டாசிக் கடைசியில் ஒவ்வொன்றாக விரிந்தது. சிவப்பு, மஞ்சள், செங்கல், பெயர் வைக்க முடியாத ஏதேதோ நிறம். முந்திரிப்பழ நிறத்தில் மூன்றே மூன்று.

கம்பெனிக்குக் கிளம்பிய கோலத்தில், சாப்பாட்டுப் பையோடு அவள் அந்த மூன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலை தன் வரிசையில் குனிந்திருந்தாள். அவளும் மீதித் தலைகளைப் போட்டிருக்கிறாள் போல. நிமிர்ந்தவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே பார்த்தாள்.

"உனக்கு எத்தினி வந்துது?" என்றாள்.

மூன்றரை மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

"மூணுக்கா."

"எனக்கு அஞ்சு."

சொல்லிவிட்டுப் பாஞ்சாலை சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, சங்கரியும் போகவில்லை.