லூடோவின் நாக்கு

வீப்கே ஹார்ம்ஸ் நடுவராகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஜெர்மனியில் ஃபெர்டென் ஊர்ப் பக்கத்துச் சிறு சங்கம் ஒன்றின் குதிரை நடைப் போட்டியில் அன்றுதான் முதன்முறையாகத் தனியாக உட்கார்ந்தாள். அவள் சொல்லும் மதிப்பெண்ணை எழுத, மரக்கூண்டுக்குள் ஓய்வுபெற்ற தபால்காரர் டியர்க் இருந்தார்.

தொடக்கநிலைப் பிரிவு. வந்தவை எல்லாம் சாதாரணக் குதிரைகள். தாளம் தவறாமல், முதுகு இறுகாமல், கடிவாளத்தை நிம்மதியாக ஏற்று நடந்தால் அவற்றுக்கும் பத்துக்கு ஏழு போடலாம் என்றுதான் அவள் படித்திருந்தாள்.

ஒன்பதாவதாக பேக்கரிக்காரி கெசீனா தன் பழுப்புக் குதிரை லூடோவில் வந்தாள். அவளுடைய பயிற்சியாளர் ஹோல்ட்ஹாஸ் வேலியோரம் கைகட்டி நின்றார். அந்தச் சங்கத்தில் நடுவர்களை அழைப்பதும் அவர்தான்.

லூடோவின் கழுத்து நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது. வால் ஓயாமல் விசிறியடித்தது. கூண்டைத் தாண்டும்போது உதட்டோரம் பிதுங்கிய நாக்கு தெரிந்தது. நாவற்பழம் தின்ற நாக்கு போல இருந்தது.

வீப்கே பக்கத்தில் திரும்பினாள். "டியர்க், நாக்கு நீலமாயிருக்கு."

"நானும் பாத்தேன். அஞ்சுன்னு போட்டுட்டு அடுத்தத கூப்பிடு. ஹோல்ட்ஹாஸோட மோதுனவங்க யாரும் இந்தக் கூண்டுல ரெண்டாந்தடவ ஒக்காந்ததில்ல, பொண்ணே."

சவாரியை நிறுத்தச் சொல்லும் மணியின் மேல் கை வைத்தாள். தூக்க முடியவில்லை. அந்த நீலம் வெறும் நிழலாக இருந்தால்? இத்தனை பேர் முன்னால் தப்பாகிவிட்டால்? அதற்குள் லூடோ மூலையில் நின்று, முன்னங்கால்களைத் தரையிலிருந்து எடுத்தது. மேலே கெசீனாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

மணியை அடித்தாள்.

ஹோல்ட்ஹாஸ் மணலைக் கடந்து வேகமாக வந்தார். "என்ன அம்மணி, மணி கை தவறிருச்சா?"

"இல்லீங்க. வாயச் சுத்திக் கட்டுன மூக்குப் பட்டை ரொம்ப இறுக்கம், நாக்குக்கு ரத்தம் போகல. இதோட நிறுத்துறேன்."

"இது சாதாரணக் குதிரைம்மா! கழுத்த வளச்சுக் காட்டலன்னா எவன் திரும்பிப் பாப்பான்?"

"வளைக்காம வந்திருந்தா நல்ல மார்க்கே போட்டிருப்பேன்."

இறங்கிப்போய்ப் பட்டைக்கடியில் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் நுழைய வேண்டிய இடத்தில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

கெசீனா குதிரையிலிருந்து சரிந்து இறங்கினாள். "நாலு மாசமா பயந்துக்கிட்டேதான் ஏறுறேன். எப்ப இது நிமிந்து பின்னால சாயுமோன்னு. இவர்கிட்ட போதும்னு சொல்ல வாய் வரல" என்று அழுதாள். பட்டையை அவளே அவிழ்த்தாள். லூடோ வாயைத் திறந்து திறந்து மூடியது. நாக்கு மெல்லச் சிவந்தது.

"உம்மேல புகார் எழுதிக் குடுக்குறேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார் ஹோல்ட்ஹாஸ்.

இன்னும் பதினொரு குதிரை மிச்சமிருந்தது. வீப்கே எண்களைச் சொன்னாள், டியர்க் எழுதினார்.

சொன்னபடியே புகார் போயிற்று. மூன்று வாரம் தபால்பெட்டியைத் திறக்கவே வீப்கேவுக்குப் பயம். விசாரணையன்று கெசீனா கடையை அடைத்துவிட்டு வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். புகார் தள்ளுபடியானது. அந்தச் சங்கம் வீப்கேவை மறுபடி அழைக்கவில்லை.