இரண்டாம் குழி ஓடு

எதுவும் கலைந்து கிடந்தால் தையல்கார அக்காவுக்குக் கை அரிக்கும். அவள் கடையில் நூல்கண்டுகள்கூட வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம்வரை வரிசை பிசகாமல் நிற்கும். அந்தக் கைதான் இன்று தெருவின் மானத்தை வாங்கியது.

தெருக்கோடியில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. கிடைக்கும் பானை ஓடுகளைக் கழுவும் வேலையைத் தெருக்காரர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று, அகழாய்வுப் பெண் தன் மேலதிகாரியிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தாள். ஒரு தப்பு நடந்தாலும் எல்லாவற்றையும் அலுவலகத்துக்கே எடுத்துப் போய்விடுவேன் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

குழிக்கு ஒரு தட்டு. எந்தக் குழியில் கிடைத்தது என்று தெரியாத ஓட்டுக்குக் கதை கிடையாது. அது வெறும் ஓடு. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கை முந்திக்கொண்டது. காய வைத்திருந்த அத்தனையையும் ஒன்றாகக் கொட்டி, நிறவாரியாக அடுக்கி, தள்ளி நின்று அழகு வேறு பார்த்தாள்.

திரும்பி வந்த அகழாய்வுப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, தட்டெல்லாம் எங்க?"

"கழுவிக் கவுத்திட்டேன்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது.

"போச்சு! சார் வர்ற நேரம் அண்ணி," என்று தலையில் கைவைத்தான் அவள் கொழுந்தன். பஸ் டிரைவர்.

அக்கா ஒரு கறுப்பு ஓட்டை எடுத்தாள். கூரான முனை. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே?

"இது என் ஓரகத்தி தாடை மாதிரி இருக்குன்னு கழுவும்போது சொன்னேன்ல?"

"ஆமாக்கா!" என்று துள்ளினாள் எதிர்வீட்டு நர்ஸ். "ரெண்டாம் குழித் தட்டு. அவங்க உங்க குடையத் திருப்பித் தராத கதையை அப்பதானே சொன்னீங்க!"

"என் பொண்டாட்டியையா?" என்றான் டிரைவர்.

"நீ சும்மா இருப்பா. வேலை நடக்குது."

அப்புறம் என்ன, வம்பு ஒன்றொன்றாக வெளியே வந்தது. ஓடுகளும் தட்டுக்குத் திரும்பின. வீட்டுக்காரன் வாடகை ஏற்றினது மூன்றாம் குழி. நர்ஸின் மாமியார் குறட்டை முதல் குழி. உடைந்த விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று அகழாய்வுப் பெண் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். பொருந்தின.

ஒரு கைப்பிடி அளவு ஓடுகள் மட்டும் மிஞ்சின. அவற்றைக் கழுவும்போது யாருமே வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது.

"ஏதாவது ஒரு தட்டுல தள்ளுங்க அண்ணி. ஓடு வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

அக்காவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் தனித் தட்டு எடுத்தாள். 'தெரியாது' என்று எழுதி ஒட்டினாள். மேலதிகாரி வந்ததும் நடந்ததை மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள்.

அவர் அந்தத் தட்டைக் கையிலெடுத்து, ஒட்டியிருந்ததைப் படித்தார்.

"எங்க ஆளுங்க இப்படி ஒரு தட்டு வெச்சு நான் பார்த்ததில்லை," என்றார். "வேலை இங்கேயே நடக்கட்டும். ஆனா இந்தம்மாவைக் காயப் போட்ட இடத்துல தனியா விடாதீங்க."

அவர் போனதும் டிரைவர் அருகே வந்து குசுகுசுத்தான்.

"அண்ணி, நாளைக்கு என் வீட்டுக்காரியும் கழுவ வர்றா. அந்தத் தாடையை எங்கயாவது ஒளிச்சு வெச்சிடுங்க."

"முடியாதுப்பா," என்றாள் அக்கா. "அது ரெண்டாம் குழி. ரெண்டாம் தட்டுலதான் இருக்கும்."